பத்து வருசம் கழித்துச் சொல்கிறேன்

அவரிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். "பாத்தேங்க." "பாக்கலீங்க." "இன்னும் தெரியலீங்க." நான்காவதாக ஒரு பதிலை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று வருடம் ஒரே அறையில், ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் உறுதியாகவே சொல்ல முடியும்.

அந்த அறை அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தது. அளவு பார்க்கும் லேப். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் இருபது டிகிரி. பம்புக்குள் சுழலும் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு, பேரிங் உட்காரும் இடம், எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து சரி, சரியில்லை என்று எழுத வேண்டும். அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நான் பொறியியல் முடித்து இருபத்திரண்டு வயதில் அங்கே சேர்ந்தேன். அவர் டிப்ளமோ படித்தவர், முப்பத்தெட்டு வயது. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அப்படித்தான்.

ஐந்து மணிக்கு வேலை முடியும். ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். காளப்பட்டி வழியாகச் சரவணம்பட்டி போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். மே மாதம் இத்தாலி, ஜூலையில் பிரான்ஸ், ஆகஸ்ட் கடைசியில் ஸ்பெயின். இந்த மூன்று சைக்கிள் பந்தயங்கள் நடக்கும் காலத்தில் அந்த ஒரு மணி நேரம் அக்காவுக்கு உலகத்தில் வேறு யாரும் தேவையில்லை. ஐரோப்பாவில் அப்போது மதியம். முன் சீட்டின் கம்பியில் ஒரு கிளிப்பை மாட்டி, அதில் செல்போனைச் செருகி, ஒரு காதில் மட்டும் இயர்போனை வைத்துக்கொள்வார். மற்றக் காது எங்களுக்கு.

ஒவ்வொரு பந்தயமும் மூன்று வாரம் நடக்கும். நாளுக்கு நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர். எல்லா நாளும் சேர்த்து யார் குறைந்த நேரத்தில் ஓட்டினாரோ அவர் முதல். குழுக் குழுவாக ஓட்டுவார்கள். குழுவில் ஒருவர்தான் முக்கியமானவர். மற்றவர்கள் அவருக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்துக்கொடுப்பார்கள், பின்னால் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவார்கள். இவ்வளவும் பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா சொல்லிக்கொடுத்ததல்ல. தினமும் அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்துப் பார்த்து அவர்களாகவே தெரிந்துகொண்டது.

ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஓர் அம்மா அக்காவுக்குப் பின் சீட்டில் உட்காருவார். அவருக்குச் சைக்கிளில் அக்கறை இல்லை. ஹெலிகாப்டரிலிருந்து காட்டும் வயல்களிலும் மாடுகளிலும்தான் கண். "அந்தூரு மாடெல்லாம் எப்புடிக் கொழுகொழுன்னு இருக்குது பாரு. பருத்திக்கொட்டை போடுவாங்களாட்ட இருக்குது," என்பார். மாடு திரையிலிருந்து போய்விட்டால் அன்றைக்குப் பந்தயம் அவருக்கு முடிந்தது. ஆனால் மறுநாள் காலையில் பஸ் ஏறியதும் அவர்தான் முதலில் கேட்பார், முதல் நாள் யார் ஜெயித்தது என்று. முடிவு இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில்தான் வரும்; அதை அக்கா வீட்டில் பார்த்திருப்பார்.

"நேத்து முன்னால வந்தது நீலச் சட்டைக்காரரு."

"அப்ப அவருதான ஜெயிச்சாரு?"

"அதப் பத்து வருசங் கழிச்சுச் சொல்றேன்."

பஸ் முழுக்கச் சிரிக்கும். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டார். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. பந்தயத்தில் ஓட்டுகிறவர்களிடம் ரத்தமும் சிறுநீரும் எடுத்து, அதைப் பத்து வருடம்வரை பத்திரமாக வைத்திருந்து, புதுச் சோதனை முறைகள் வர வர மறுபடியும் சோதிப்பார்கள். ஊக்கமருந்து எடுத்தது அப்போது தெரிந்தால்கூடப் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள். பத்து வருடம் ஆகாத எந்த வெற்றியும் அக்காவின் கணக்கில் இன்னும் முடிவாகாதது.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். நீளவாக்கில் கோடு போட்ட பெரிய நோட்டு. அதன் பத்திகளை நான் ஒருமுறை வரிசையாகப் பார்த்திருக்கிறேன்: தேதி, தூரம், ஏற்றம், காற்று எந்தப் பக்கம், கோட்டை முதலில் தாண்டியவர், அவருக்காக உழைத்தவர்கள், விழுந்தவர்கள். கடைசியாக "பின்னால் தெரிந்தது" என்று ஒன்று. அந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருந்தது. நோட்டு முழுக்கப் பென்சில். லேபில் எங்கள் ரிப்போர்ட்டுகளை விதிப்படி பேனாவில்தான் எழுத வேண்டும். அங்கே கையெழுத்துப் போடுமுன் அக்கா ஒரு நொடி பேனாவை உயர்த்திப் பிடித்திருப்பார். முதலில் அது கை நடுக்கம் என்று நினைத்தேன்.

பென்சிலுக்கான காரணத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. துண்டு துண்டாகக் கேட்டதைச் சேர்த்து எழுதுகிறேன். பாலிடெக்னிக் படித்த காலத்தில் அவருக்கு ஒரு வீரர்மேல் பைத்தியம். படமாகப் பார்க்க வழியில்லாத காலம். காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து, பந்தயத்தை எழுத்தாகப் படிப்பார். ஒரு நிமிடத்துக்கு ஒரு வரி வரும். "மலை தொடங்குகிறது" என்று ஒரு வரி. "இன்னும் ஆறு கிலோமீட்டர்" என்று ஒரு வரி. அந்த வீரர் தனியாகப் பிரிந்து மேலே போகிறார் என்ற வரி வந்தபோது அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாராம். அன்று அந்தப் பெயரைப் பேனாவில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். பல வருடங்களுக்குப் பிறகு அந்த வீரர் ஊக்கமருந்து எடுத்தது தெரிந்து, பட்டமெல்லாம் போயிற்று.

கோபம் வரவில்லையா என்று நான் கேட்டேன்.

"வந்துச்சு கண்ணு. பேனாவுல எழுதுனது நாந்தான, அந்தக் கோவம்." பிறகு சொன்னார்: "ஆனா அவரு அந்த மலைய ஏறுனது பொய்யில்ல. ஏறுனாரு. எப்புடி ஏறுனாருங்கறதத்தான் மறச்சுபோட்டாரு. ரெண்டையும் ஒரே கோட்டுல அடிக்க எனக்கு மனசு வரல."

இதை வைத்து அவரை ஒரு வறண்ட மனுஷி என்று நினைத்தால் தவறு. அவருடைய வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க மலைப் பந்தயம் பார்த்தேன். நான் அப்போது சரவணம்பட்டியில் ஹாஸ்டலில் இருந்தேன். அவர் வீடு நடக்கும் தூரம். அவருடைய கணவர் மில்லில் எலெக்ட்ரீஷியன். எனக்கு வேர்க்கடலை வறுத்துக் கொடுத்துவிட்டு, மலையிலிருந்து இறங்கும்போது மட்டும் கூப்பிடச் சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். ஏற்றம் பார்த்தால் தனக்கு மூச்சு வாங்குகிறதாம்.

அன்றைக்கு ஒரு பையன் தனியாக நாற்பது கிலோமீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பெரிய பெயர் இல்லாதவன். பின்னால் கூட்டம் நெருங்கிக்கொண்டே வந்தது. திரையின் மூலையில் இடைவெளி காட்டும் எண் ஒன்றேகால் நிமிடம், ஐம்பது நொடி, முப்பது நொடி என்று சுருங்கியது. அக்கா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, டிவியின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு, "போ தங்கம், திரும்பிப் பாக்காத, போ சாமி," என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது அவனைப் பிடித்துவிட்டார்கள். அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, முகம் கழுவி, நோட்டை எடுத்து, பென்சிலைச் சீவி எழுதத் தொடங்கினார்.

அவருடைய கணவர் உள்ளே வந்து என்னிடம் சொன்னார்: "உங்கக்கா என்னையவே இன்னும் பென்சில்லதான் எழுதி வெச்சிருக்குதுங்க."

அக்கா நிமிராமலே சொன்னார்: "பதினாறு வருசமாச்சு. அழிக்கலையில்ல?"

பந்தயத்தில் மட்டும் இப்படி என்றால் அதை ஒரு ரசிகையின் பழக்கம் என்று விட்டுவிடலாம். மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். கம்பெனியில் யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால் அக்கா சாப்பாட்டு டப்பாவைத்தான் பார்ப்பார். நல்லவிதமாகப் பேசினாலும் அப்படியே. சிலர் அதைக் கர்வம் என்றார்கள். சிலர் பயம் என்றார்கள்.

சத்தியமங்கலத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு அதன் ருசி ஒருமுறை கிடைத்தது. வெள்ளகோவிலிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. அக்காவின் பிறந்த ஊர் அதுதான், பையனின் வீடும் அவருக்குத் தெரிந்த வீடு. அம்மா போன் போட்டு, பையன் எப்படி என்று கேட்டார். அக்கா ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னார்: "நாலு தடவ பாத்திருக்கறனுங்க. நாலு தடவயும் நல்லா நடந்துக்கிட்டாருங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க." அம்மா போனை வைத்துவிட்டு என்னிடம் பொரிந்து தள்ளினார். அதற்கு மேல் தெரியாது என்றால் என்ன அர்த்தம், அதற்கு மேல் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வரன் அத்தோடு நின்றது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லாததால் அப்போது சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் மே மாதம் அதே பதில் எனக்கே வந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், இருநூறு ஷாஃப்ட்டுகள் அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தது. லாரி வாசலில் நின்றது. கிரைண்டிங்கில் தேய்த்து முடித்து, சூடாறாமல், ஒன்றேகாலுக்குத்தான் மாதிரிக்கான ஐந்து ஷாஃப்ட்டுகள் என் கைக்கு வந்தன. விதிப்படி அவற்றை இருபது டிகிரி அறையில் இரண்டு மணி நேரம் ஆறவைத்த பிறகே அளக்க வேண்டும். சூடான இரும்பு பெருத்திருக்கும். அப்போது அளந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அன்றைக்கு அக்கா விடுப்பு. சரக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவிலிருந்து மூன்று முறை போன் வந்தது. நான் ஆறவைக்கவில்லை. ஐந்தையும் வரிசையாக எண் போட்டு உடனே அளந்தேன். எல்லாம் அளவுக்குள் இருந்தன. ரிப்போர்ட்டில் "லேபுக்கு வந்த நேரம்" என்ற கட்டத்தில் ஒன்றேகாலுக்குப் பதில் பதினொன்றேகால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரத்தில் வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது. பேரிங் ஆடுகிறது, ஷாஃப்ட் சிறுத்திருக்கிறது. கம்பெனியின் பொது மேலாளரான ஜி.எம். என் ரிப்போர்ட்டையும் கிரைண்டிங் பிரிவின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அங்கே ஒரு மணிக்குப் பிறகு முடிந்த ஷாஃப்ட் இங்கே பதினொன்றேகாலுக்கு வந்திருக்கிறது. இன்னும் செய்யாத பொருளை எப்படி அளந்தாய் என்று கேட்டார்.

நான் ஒப்புக்கொண்டேன். நேரம் பொய், ஆறவைக்கவில்லை, ஆனால் அளந்தேன். ஜி.எம். கத்துகிறவர் அல்ல. "ஒண்ணு பொய்யின்னா மத்ததையும் பொய்யின்னுதானம்மா வெச்சுக்கோணும்," என்றார். கையில் பொருளே இல்லாமல் மனதிலிருந்து எண்களை எழுதிவிட்டேன் என்பது அவருடைய முடிவு. எங்கள் தொழிலில் தவறாக அளப்பதற்கு மன்னிப்பு உண்டு. அளக்காமல் எழுதியவள் என்று பெயர் வந்தால் கோயமுத்தூரில் எந்த லேபுக்குள்ளும் பிறகு கால் வைக்க முடியாது. எனக்கு இருபத்திமூன்று வயது. வேறு வேலை தெரியாது.

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். என் முன்னாலேயே ஜி.எம். கேட்டார், இந்தப் பெண் அளந்திருப்பாளா என்று. ஒரு வருடமாக என்னோடு ஒரே மேசையில் இருந்தவர். தினமும் என் சாப்பாட்டு டப்பாவில் கை வைக்கிறவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியலீங்க," என்றார் அக்கா.

"உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்கறேன்."

"தோணறதச் சொல்ல எனக்கு வராதுங்க. பத்து நாள் குடுங்க."

ஜி.எம். பத்து நாள் கொடுத்தார். அதுவரை எதிலும் நான் கையெழுத்துப் போடக்கூடாது, எந்தக் கருவியையும் தொடக்கூடாது. லேபின் ஓரத்தில் உட்கார்ந்து பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன்.

அந்தப் பத்து நாளும் இத்தாலிப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அக்கா எப்போதும்போல் பஸ்ஸில் கிளிப்பை மாட்டி, போனைச் செருகி, ஒரு காதில் இயர்போனோடு உட்கார்ந்தார். நான் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிருந்தும் அவர் குரல் கேட்டது. யாரோ ஒருவன், ஊர் பேர் தெரியாதவன், மழையில் வழுக்கி விழுந்து எழுந்தான். அவனுக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏந்திரிச்சுக்கோ சாமி, ஒண்ணுமில்ல, ஏந்திரிச்சுக்கோ," என்றார். எனக்காக ஒரு வரி சொல்ல வராதவர். அந்த வாரத்தில் நான் அவரை வெறுத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் வெறுக்கவும் முழுதாக விடமாட்டார். மதியம் ஆனால் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த ஓரத்துக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தார்கள். "அரிசிம்பருப்புச் சாதம், ஆறிப் போறதுக்குள்ள சாப்பிடு அம்மணி," என்பார். பாதியை என் டப்பா மூடியில் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குவார்.

என்ன செய்கிறார் என்பதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. அளந்த மாதிரிகளில் முதல் ஒன்றை மட்டும் எடுத்துவைத்தால் போதும் என்பது கம்பெனி விதி. அக்கா ஐந்தையும் எடுத்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, ஓர் இரும்பு பீரோவில் ஒரு வருடம் வைத்திருப்பார். இடத்தை அடைக்கிறது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று ஜி.எம். இரண்டு முறை சொல்லியும் அவர் போடவில்லை. என் ஐந்து ஷாஃப்ட்டுகளும் அந்த பீரோவில் இருந்தன. ஆனால் உடனே அவற்றை அளந்துவிடவில்லை. கருவியே தவறு என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்று, முதலில் அதை வெளியே வேறொரு லேபுக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கினார். அதற்கே ஆறு நாள் போயிற்று. பிறகு ஐந்து ஷாஃப்ட்டுகளையும் ஆறவைத்து அளந்தார். மறுநாள் மறுபடி. அதற்கு மறுநாள் மறுபடி.

பத்தாம் நாள் காலை கிரைண்டிங் பிரிவுக்குப் போய்ச் சூடாக ஐந்து ஷாஃப்ட்டுகளை ஒரு தட்டில் வைத்து எடுத்து வந்தார். ஆறவைக்காமல், ஒன்றிலிருந்து ஐந்து வரை, வரிசையாக அளந்தார். பதினேழு வருடச் சர்வீஸ் உள்ள அவர் விதியை மீறுவதை முதல்முறையாகப் பார்த்தேன். என் தவறை, நான் செய்த வேகத்திலேயே, வேண்டுமென்றே செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் எதைச் சோதிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அடுக்கிக்கொண்டிருந்த காகிதங்களைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

மதியம் ஜி.எம். அறையில் அக்கா ஒரு தாளை நீட்டினார். இடது பக்கம் நான் எழுதிய ஐந்து அளவுகள். நடுவில் ஆறிய பிறகு அவர் எடுத்த அளவுகள். வலது பக்கம் வித்தியாசம். முதல் ஷாஃப்ட்டில் ஐந்து மைக்ரான். இரண்டாவதில் ஐந்து. அடுத்த இரண்டிலும் நான்கு. கடைசியில் மூன்று.

"இவங்க எழுதுன அளவு அஞ்சும் உண்மையான அளவுக்கு மேல இருக்குதுங்க," என்றார் அக்கா. "ஆனா வரிசையாக் கொறஞ்சுக்கிட்டே வருது பாருங்க. ஒண்ணொண்ணா அளக்க அளக்க, மிச்சமிருக்கற ஷாஃப்ட் ஏ.சி.யில ஆறிக்கிட்டு இருந்திருக்குது. இன்னைக்குக் காலைல நானே சூடா அளந்து பாத்தேன். அதுலயும் இப்புடியேதான் வருது. மனசுலருந்து எழுதறவங்களுக்கு இந்த மாதிரி எழுத வராதுங்க."

ஜி.எம். தாளை நெடுநேரம் பார்த்தார். "அப்ப அளந்திருக்கறாங்க."

"அளந்திருக்கறாங்க. ஆறவைக்கல. நேரம் பொய்யா எழுதியிருக்கறாங்க. மூணையும் தனித்தனியா எழுதியிருக்கறனுங்க."

தனித்தனியாகவே எழுதியிருந்தார், பேனாவில், மூன்று வரிகளாக. பொய் என்ற சொல்லை எனக்காக மெலிதாக்கவில்லை. எனக்கு எச்சரிக்கை மெமோ கிடைத்தது. மூன்று மாதம் கையெழுத்து உரிமை இல்லை. வேலை போகவில்லை. பெயரும் போகவில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் பழைய சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டோர்ஸ் அம்மா பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "வந்துபோட்டயா?" என்றார். அக்கா கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தார். காளப்பட்டி தாண்டும்வரை பொறுத்திருந்து, பத்து நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கே அளந்திருப்பாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

"சொல்லியிருக்கலாம். அவங்க என்னைய நம்பியிருப்பாங்க. உன்னைய நம்பியிருக்க மாட்டாங்க கண்ணு."

அது சரியான பதில். அதன் நியாயம் எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் புரிவது வேறு. நான் இன்னொன்றும் கேட்டேன்: "அந்த அஞ்சு நம்பரும் வேற மாதிரி வந்திருந்தா?"

அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார். "அதையும் எழுதியிருப்பேன்," என்றார்.

இன்றைக்கும் அந்தப் பதிலை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் அது உலகத்திலேயே நேர்மையான சொல்லாகத் தோன்றும். சில நாள் பத்து நாள் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இருபத்திமூன்று வயதுப் பெண்ணின் பக்கம் போய் நின்று, அதற்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும். இரண்டு நாட்களும் மாறி மாறி வருகின்றன. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். அந்தப் பத்து நாளும் அவர் என்னைப் பற்றிய தீர்ப்பைத்தான் நிறுத்திவைத்தார். சாதத்தில் பாதியை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் போல இருந்தேன். அந்தக் கம்பெனி லேபை மூடி, அளக்கும் வேலையை வெளியே கொடுத்தபோது நான் வேறிடம் போனேன். அக்கா, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று குடும்பத்தோடு ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று. பிறகு ஜூலை மாதத்தில் மட்டும், யார் முன்னால் வந்தது என்று ஒரு செய்தி. இரண்டு வருடமாக அதுவும் இல்லை. நானும் அனுப்பவில்லை.

இப்போது நான் ஒரு லேபை நடத்துகிற இடத்தில் இருக்கிறேன். என்னிடம் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். என்னைப் பற்றி அவர்கள் வெளியில் சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது: அக்கா ரொம்பக் கறார், ஒரு நிமிடம் குறைய ஆறவைத்தாலும் திருப்பி வைக்கச் சொல்வார், இந்த விஷயத்தில் அவர் வாழ்க்கையிலேயே தப்பு செய்திருக்கமாட்டார். அந்த மெமோவைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

போன வாரம் கரூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அங்கே ஒரு லேபின் மேலாளர். எங்கள் அக்கா அவரிடம் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். விசாரித்துக்கொள்ள ஒரு பெயர் கேட்டதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். அத்தனை வருடச் சர்வீஸில் அவருக்கு எத்தனையோ பேரைத் தெரியும். எத்தனையோ ஜி.எம்.கள்.

"வயசு கொஞ்சம் கூடிப்போச்சு, டிப்ளமோதான், நடுவுல அஞ்சாறு வருசம் வேலைக்கும் போகல," என்றார் அவர். "அதெல்லாம் பரவாயில்லீங்க. நம்பலாங்களா? அந்த ஒண்ணச் சொல்லுங்க, போதும்."

நம்பலாம் என்று சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் முகம் தெரியாத ஒருவரின் நம்பலாம் என்ற சொல்லை வைத்து அந்த மேலாளர் எதை அளக்க முடியும்? என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எழுந்து வெளியே போய்ப் பேசலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

"என்ன மாதிரி ஆளுன்னு சொல்ல எனக்கு வராதுங்க. நான் பாத்த ஒண்ணச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க," என்றேன். பிறகு ஏப்ரல் மாதத்து லாரியிலிருந்து தொடங்கி, ஒரு பெண் பதினொன்றேகால் என்று எழுதிய கட்டம், பீரோவிலிருந்த ஐந்து ஷாஃப்ட், ஐந்து ஐந்து நான்கு நான்கு மூன்று, தனித்தனியாக எழுதிய மூன்று வரிகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் அந்த இரண்டு பெண்களும் கைவேலையை நிறுத்தியது தெரிந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "அந்தப் பத்து நாள் வேற யாரும் பொறுத்திருக்க மாட்டாங்க," என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல, "அந்தப் பொய்யா நேரம் எழுதுன பொண்ணு இப்ப எங்கிருக்குதுங்க?" என்று கேட்டார்.

"அது நாந்தானுங்க," என்றேன்.